படுக்கையறைச் சுவர்மேல் நமுத்தார் படையெடுத்த வரலாறு

வெல்க நமுத்தார்! மாவின் மறைபொருள் உணர்ந்தவரும், நாநுனியாலேயே நீரளக்கும் நுண்புலத்தாரும், வெள்ளங்கி வேந்தரும், அடுப்பிலிருந்து இறங்கும் ஆயிரமாயிரம் பிஸ்கட்டுகளின் தலையெழுத்தை ஒரே கடியில் தீர்த்துவைப்பவரும், தொழிற்சாலைத் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவின் தனிப்பெருந் தலைவருமாகிய அப்பெருந்தகை, தம் படுக்கையறையின் வடமூலையில் தோன்றிய ஓதமாகிய ஈரக்கசிவோடு நாற்பது நாள் நடத்திய நெடும்போரை இங்கே பாடப் புகுந்தோம். சுண்ணமே, துணை செய்! உருளைத் தூரிகையே, உடன் வா! பட்டித்தூளே, எம் சொல்லில் விழும் ஓட்டைகளை அவ்வப்போது அடைத்துக்கொடு! பெரிய மனிதர் ஒருவரின் புகழைப் பாடும்போது அவர் வீட்டு அழுக்குச் சுவரைப் பற்றியும் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது, யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

இவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் வேறு. அது அடையாள அட்டையில் மட்டும் மிஞ்சியிருக்கிறது. அடுப்பறையிலிருந்து வரும் ஒவ்வொரு தட்டிலிருந்தும் ஒரு பிஸ்கட்டை இரு விரலால் ஏந்தி, கண்மூடி, முன்பல்லால் மெல்லக் கடித்து, மூன்று நொடி மௌனம் காத்து, பிறகு கூடமதிர அவர் முழங்கும் தீர்ப்பு ஒன்றே: “நமுத்துப் போச்சு!” அச்சொல் கேட்டு மாவு பிசைவோர் மயங்குவர், அடுப்புக்காரர் நடுங்குவர், பேக்கிங் பிரிவின் தலைவியான பேக்கிங் அக்கா மட்டும் “ம்க்கும்” என்பார். ஏனெனில் இருபத்திரண்டு ஆண்டுகளாக, பிஸ்கட் எங்கே நமுத்தாலும் பழி பேக்கிங்கின் தலையில்தான் விழுந்திருக்கிறது. அடுப்பு சரியாகச் சுட்டது, தாம் சரியாகக் கடித்தோம், ஆகவே ஈரம் வெளியிலிருந்துதான் வந்தது. இதுவே நமுத்தார் கண்ட தத்துவம். இதற்கு மேல் அவர் எதையும் காண முயன்றதில்லை.

இனிப் பகைவன் வரவு. அடைமழை ஓய்ந்து குளிர் தொடங்கிய ஒரு காலை, அடுக்குமாடிக் குடியிருப்பின் இரண்டாம் தளத்திலுள்ள தம் படுக்கையறையில், பல்துலக்கியை வாயில் கவ்வியபடி நமுத்தார் அண்ணாந்து பார்த்தார். துணி அலமாரிக்கு மேலே, கூரையும் இரு சுவர்களும் கூடும் முச்சந்தியில், தேநீர்க் குவளையின் அடித்தடம் போல் ஒரு பழுப்பு வட்டம். நான்காம் நாள் அது உள்ளங்கையளவு. ஒன்பதாம் நாள் விரித்த செய்தித்தாளளவு. அதன் விளிம்பெங்கும் கரும்புள்ளிகள் நூறு நூறாய் அணிவகுத்தன, பெயின்ட் கொப்புளித்தது, கொப்புளம் வெடித்தது, வெடித்த வாயிலிருந்து வெண்பொடி தலையணைமேல் பொழிந்தது, பெட்டிக்குள் மறந்துபோன ஈரத்துண்டின் நாற்றம் அறை முழுவதையும் வளைத்துப் பிடித்துக் கொடியேற்றியது. “இது எதனால்?” என்று நமுத்தார் கேட்கவில்லை. கேட்பது ஐயமுடையோர் செயல். பற்பசை நுரையோடு கூரையை நோக்கிச் சுட்டுவிரல் உயர்த்தி, “மேல் வீடு!” என்றார். விசாரணை அத்தோடு முடிந்தது.

மேல் வீட்டோடு அவருக்கு இரண்டாண்டுப் பகை. அங்கே ஆஸ்பத்திரியில் பணிபுரியும் ஒரு நர்ஸம்மாவும், நடக்கச் சிரமப்படும் அவருடைய அப்பாவும் குடியிருந்தனர். முன்னொரு நாள் நர்ஸம்மா தம் பால்கனியில் பிழியாமல் போட்ட படுக்கை விரிப்பொன்று, கீழே காய்ந்துகொண்டிருந்த நமுத்தாரின் மூன்று வெள்ளங்கிகள்மேல் ஏழு சொட்டு நீரைச் சிந்திவிட்டது. ஏழு என்று எண்ணியவர் அவரே. அக்கணமே பால்கனியில் நின்று தெருவே திரும்பிப் பார்க்கச் சூளுரைத்தார்: “இனிமே அந்த வீட்டுத் தண்ணி ஒரு சொட்டு நம்ம துணிமேல படக் கூடாது! இனிமே நம்ம வீட்டுத் துணி வெளியிலயே காயாது!” ஜன்னல் கம்பியிலிருந்து கதவு ஆணிவரை படுக்கையறைக்குள் ஒரு நைலான் கயிறு குறுக்கே ஓடியது. மறுநாள் மன்னிப்புக் கேட்க வந்த நர்ஸம்மாவிடம் கதவைத் திறக்காமலே “இருக்கட்டும் இருக்கட்டும்” என்றார். மன்னிப்பை வாங்கிக்கொண்டால் பகையை எங்கே வைப்பது?

இப்போது, வீரத்தைப் பாடும் வேகத்தில் விட்டுப்போகக் கூடாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இப்போரில் உண்மையாகப் பணயம் வைக்கப்பட்டது சுவர் அன்று. நமுத்தாரின் மனைவி, நகரப் பேருந்து நிலையத்தில் பதினான்கு ஆண்டுகளாக ஒலிபெருக்கியில் பேருந்துகளின் போக்குவரவை அறிவிப்பவர். பதினெட்டுக் குழாய்களிலிருந்தும் ஒரே நேரத்தில் அந்தக் குரல் இறங்கினால், மூட்டையும் கையுமாய்த் தவறான பேருந்தில் ஏறிக்கொண்டிருந்தவரும் ஒற்றைக் காலில் நின்று கேட்டுவிட்டு இறங்கிவிடுவார். அந்தக் குரலுக்குள் இருமல் புகுந்தது. முதலில் சொற்களுக்கு நடுவே. பிறகு எழுத்துகளுக்கு நடுவே. ஒருநாள் அவர் ஊர்ப் பெயரைச் சொல்ல வாயெடுத்து இருமலை மட்டும் பதினெட்டுக் குழாயிலும் அறிவித்தார். எந்த ஊருக்கு எந்த வண்டி என்று தெரியாமல் பயணிகள் அங்குமிங்கும் ஓடினார்கள்.

“ஒரு மாசம் டைம் தரேன்மா,” என்றார் நிலைய மேலாளர். “அதுவரைக்கும் பாஸ் கவுண்டர்ல உக்காருங்க. இருமல் நின்னா மைக் உங்களுக்கு. நிக்கலைன்னா புதுசா வந்த பொண்ணுக்கே குடுத்துடுவேன். என்னையும் மேல கேக்கறாங்க.”

டாக்டரோ நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டுவிட்டு, மருந்துச் சீட்டை எழுதும் முன்பே, “தூங்கற ரூம்ல பூஞ்சை இருக்கா? அதை முதல்ல ஒழிங்க. இல்லன்னா நான் எழுதறது வீண்,” என்றார். அன்று மாலை மனைவி, கணவரின் கையைப் பிடித்துக்கொண்டே சொன்னார்: “என்னங்க, சண்டை அப்புறம் போடலாம். அந்தச் சுவத்தைச் சரி பண்ணுங்க. மைக் போயிடுச்சுன்னா எனக்கு வேற ஒண்ணும் தெரியாது. பயமா இருக்கு.”

மனைவியின் கண்ணீரைக் கண்ட மாவீரன் என்ன செய்வான்? பெயின்ட் கடைக்குப் போவான். போனார். ஏணி வந்தது, உப்புத்தாள் வந்தது, ஈரத்தையே எதிர்த்து நிற்கும் என்று டப்பாமேல் சிங்கம் படம் போட்ட பெயின்ட் வந்தது. செய்தித்தாளில் முடி சூடி, பழைய லுங்கியில் கச்சை கட்டி, பட்டிக் கரண்டியை வலக்கையிலும் உருளைத் தூரிகையை இடக்கையிலும் தாங்கி, அலமாரியை ஒரு விரற்கடைகூட நகர்த்தாமல் அதன் தலைமேலேயே ஏறி நின்று, சுரண்டி, தேய்த்து, பூசி, மீண்டும் பூசி, மூன்றாம் முறையும் பூசி, சுவரின் புண்ணைப் புதைத்துவிட்டுக் கீழே குதித்தபோது அவருடைய ஒரு புருவம் வெண்மையாகியிருந்தது. “முடிஞ்சுது கதை!” என்று கர்ச்சித்தார். பூசிய ஆறாம் நாள் சிங்க பெயின்ட்டைத் துளைத்துக்கொண்டு முதல் கரும்புள்ளி எட்டிப் பார்த்தது. மறுநாள் அதன் சுற்றத்தார் எல்லோரும் வந்து சேர்ந்துவிட்டார்கள்.

சினந்தார் நமுத்தார். இங்கேதான், உலகில் வேறெந்தக் குடித்தனக்காரருக்கும் தோன்றாத, பிஸ்கட்டோடு இருபத்திரண்டு ஆண்டு வாழ்ந்தவருக்கு மட்டுமே தோன்றக்கூடிய அந்தப் பேருண்மை அவர் நெற்றியில் மின்னலிட்டது. பிஸ்கட்டை நமுக்காமல் காப்பது எது? காற்றுப் புகாத டப்பா. அப்படியென்றால் படுக்கையறையை நமுக்காமல் காப்பது எது? ஆம், அதேதான்! தொழிற்சாலையிலிருந்து அகன்ற ஒட்டுநாடா உருளைகள் நான்கு வந்தன. ஜன்னலின் நாற்புறமும் நாடா. கண்ணாடி இடுக்கில் நாடா. கதவின் அடியில் மடித்த கோணி. சுவரின் உச்சியில் இருந்த சிறு காற்றுத்துளைக்கு அட்டையும் அதன்மேல் நாடாவும் அதன்மேல் இன்னொரு நாடாவும். நுழையட்டும் பார்க்கலாம், ஒரு துளி! ஓர் எறும்பு! ஒரு மூச்சு! கோட்டையை முற்றாக அடைத்துவிட்டு உள்ளே நின்று இடுப்பில் கைவைத்தார். அவருக்குப் பின்னால், நைலான் கயிற்றில், அன்று துவைத்த இரண்டு போர்வையும் நான்கு துண்டும் மூன்று வெள்ளங்கியும் சொட்டிக்கொண்டிருந்தன. ஆவி பிடித்தால் தொண்டை திறக்கும் என்று பாஸ் கவுண்டரில் யாரோ சொன்னதைக் கேட்டு, அவர் மனைவி அதே அறையில், அதே கட்டிலில், காலையும் மாலையும் கொதிக்கும் பாத்திரத்தின்முன் போர்வை மூடி அமர்ந்தார். ஆக, அறை மூடிய டப்பாதான். டப்பாவுக்குள் இட்லிப் பானை கொதித்துக்கொண்டிருந்ததை மட்டும் தரக்கட்டுப்பாட்டுத் தலைவர் கவனிக்கவில்லை.

சுவர் மேலும் கறுத்தது. மனைவி மேலும் இருமினார். அப்போதும் நமுத்தார் ஐயுறவில்லை, ஆதாரம் தேடினார். மாவில் எத்தனை நீர் இருக்கிறதென்று சொல்லும் கருவியைத் தொழிற்சாலையிலிருந்து ஒரு நாள் இரவல் வாங்கி வந்து, அதன் இரு ஊசிகளையும் பகைவனின் மார்பிலே பாய்ச்சினார். பத்தொன்பது என்றது கருவி. “பத்தொம்போது!” என்று அலறினார். “பதினாலுக்கு மேல போனாலே நான் லோடையே திருப்பி அனுப்புவேன்! பத்தொம்போதாம்!” கோதுமை மாவுக்குச் செய்த கருவி சிமென்ட்டைப் பார்த்து எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதெல்லாம் சிற்றறிவினர் கவலை. நாமும் கேட்காமல் விட்டுவிடுவோம்.

ஞாயிற்றுக்கிழமை, குடியிருப்போர் சங்கக் கூட்டம். வாகன நிறுத்தத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தன. மோட்டார் பழுது, குப்பைத்தொட்டி, நாய் என்று வரிசையாகப் போய்க்கொண்டிருந்த கூட்டத்தின் நடுவே நமுத்தார் எழுந்தார். கருவியை உயர்த்தினார். அவையோர் கொட்டாவியைப் பாதியில் நிறுத்தினர்.

“நான் பிஸ்கட்லயே ஈரத்தைக் கண்டுபிடிக்கிறவன்! சுவத்துல கண்டுபிடிக்க மாட்டேனா? தண்ணி மேலேர்ந்து கீழதான் வரும், இதுக்குப் பெரிய படிப்பு வேணாம். என் ரூமுக்கு நேர் மேல இவங்க பாத்ரூம். அந்தத் தரையை உடைங்க! உள்ள ஈரம் இல்லைன்னா, தப்பு என் மேலன்னு என் கையால எழுதி இந்த நோட்டீஸ் போர்டுல ஒட்டறேன். இது சத்தியம்!”

நர்ஸம்மா எழுந்தார். அன்றுதான் தொடர்ந்து இரண்டு ஷிப்ட் முடித்து வந்திருந்தார். “எங்க பாத்ரூம்ல எந்த ஒழுகலும் இல்ல சார். குழாய்க்காரரை வெச்சு ரெண்டு தடவை பார்த்தாச்சு. அப்பாவுக்கு அது இல்லாம கஷ்டம். உங்க வீட்டு அக்கா இருமறது எனக்கும் கேக்குது, அதனால சொல்றேன், வேற காரணம் இருக்கானு ஒரு தடவை பாருங்களேன்.”

“வேற காரணமாம்!” என்று நமுத்தார் நகைத்த நகைப்பில் நாயும் எழுந்துபோய்விட்டது. சங்கச் செயலாளருக்கு எப்படியாவது அடுத்த விஷயத்துக்குப் போனால் போதும் என்றிருந்தது. “சரி, பார்த்துடலாம்மா, ஒத்துழைப்புக் குடுங்க,” என்றார். தீர்மானம் நிறைவேறியது. நியாயம் என்று யாரும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் யாரும் சொல்லவில்லை.

உடைந்தது மேல்வீட்டுத் தரை! கொத்தனாரின் சுத்தியல் இடித்த இடியில் கீழ்வீட்டுக் குவளைகள் துள்ளின. நீலநிற டைல்ஸ் ஒவ்வொன்றாகச் செத்து விழுந்தன. நர்ஸம்மாவின் அப்பா சக்கர நாற்காலியில், மடியில் மாற்றுடைப் பையோடு, தம் மகன் வீட்டுக்குக் கிளம்பினார். படியில் இறங்கும்போது நான்கு பேர் அவரைத் தூக்க வேண்டியிருந்தது. அந்த நால்வரில் நமுத்தார் இல்லை. அவர் மேலே பள்ளத்தின் விளிம்பில், ஊற்று பீறிடும் கணத்துக்காக, டார்ச் விளக்கோடு குந்தியிருந்தார்.

மாலையில் கொத்தனார் பள்ளத்துக்குள் கைவிட்டு ஒரு பிடி அள்ளி அவர் முன்னால் நீட்டினார். விரலிடுக்கில் பொடிப்பொடியாய்க் கொட்டியது.

“காஞ்சு கெடக்கு சார்.”

“இன்னும் ஆழமாத் தோண்டு!”

“இன்னும் ஆழம்னா உங்க ரூம்தான் சார் வரும்.”

நமுத்தாரின் முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் தோற்றாரா? அவரா! “தண்ணி பக்கவாட்டுல ஓடியிருக்கும்,” என்று முணுமுணுத்தபடி இறங்கிப் போனார். நோட்டீஸ் போர்டு பக்கம் அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அடுத்த நாள் தொழிற்சாலையில், நமுத்துப்போன ஒரு பெட்டியின் பொருட்டு வழக்கம்போல் பேக்கிங் அக்காவிடம் பாயப் போனவர், பாய்ச்சலின் பாதியிலேயே தம் சுவரின் துயரைக் கொட்டிவிட்டார். எவ்வளவு பெரிய வீரனுக்கும் சில நேரம் புலம்ப ஓர் ஆள் வேண்டும். அக்கா கணக்கெடுப்புச் சீட்டைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். பிறகு மேசைக்கடியிலிருந்து பிஸ்கட் சுற்றும் வெள்ளித்தாளில் ஒரு முழம் கிழித்துக் கையில் கொடுத்தார்.

“இதைச் சுவத்துல நல்லா அழுத்தி ஒட்டுங்க சார். நாலு ஓரமும் டேப். ரெண்டு நாள் தொடாதீங்க. அப்புறம் பாருங்க. தாளுக்குப் பின்னால, சுவர்ப் பக்கம் ஈரம்னா தண்ணி சுவத்துக்குள்ளேர்ந்து வருது. தாளுக்கு முன்னால, உங்க பக்கம் ஈரம்னா தண்ணி உங்க ரூமுக்குள்ளேயே இருக்கு. நாங்க ரேப்பரை இப்படித்தான் பார்ப்போம்.”

“பின்னாலதான் இருக்கும்!”

“இருந்தா சந்தோஷம்,” என்றார் அக்கா. அவர் குரலில் சந்தோஷம் ஏற்கனவே இருந்தது.

ஒட்டப்பட்டது தாள். ஓதத்தின் நெற்றியில் வெள்ளிப் பட்டயம் கட்டியது போல் அது ஒளிர்ந்தது. இருபத்தைந்தாம் நாள், இருபத்தாறாம் நாள் கழிந்தன. மனைவி ஹாலில் பாய்விரித்துப் படுத்துக்கொண்டார். அந்த அறைக்குள் போனால் நெஞ்சில் யாரோ உட்காருவது போல் இருக்கிறது என்றார். பாஸ் கவுண்டரில் உட்கார்ந்தபடி, தலைக்கு மேலே புதுப் பெண் ஊர்ப் பெயர்களைத் தப்பாக உச்சரிப்பதைக் கேட்டுக்கொண்டே அவர் அட்டைகளில் முத்திரை குத்தினார். மாதம் முடியப் பதின்மூன்று நாள்தான் இருந்தது.

இருபத்தேழாம் நாள் காலை. இனிச் சொல்வதை மூச்சடக்கிக் கேளுங்கள். தனியே அறைக்குள் புகுந்தார் நமுத்தார். ஏணியேறினார். தாளைப் பார்த்தார். தாளின் முன்பக்கமெங்கும், அவரைப் பார்த்தபடி, முத்துமுத்தாய் நீர். நகத்தால் நாடாவைக் கிள்ளிப் பிரித்தார். பின்பக்கம்? பாலைவனம். சுவரைத் தடவினார். தாள் மூடியிருந்த இடம் மட்டும் உலர்ந்திருந்தது. இருபத்திரண்டு ஆண்டுகளில் முதல்முறையாக ஒரு சோதனையின் முடிவு அவரைச் சுட்டுவிரலால் காட்டியது.

அவர் என்ன செய்தார் என்று சொல்ல எனக்கே கூச்சமாயிருக்கிறது, என்றாலும் மறைப்பதற்கில்லை. இடம் பார்த்தார், வலம் பார்த்தார். முன்பக்கத்து நீரைத் துடைத்துவிட்டு, பின்பக்கத்தில் இரண்டு சொட்டுத் தெளித்து, தாளை மறுபடி ஒட்டிவிடலாம் என்று அந்தத் தர்மவான் தீர்மானித்தார். கயிற்றிலிருந்து ஒரு பனியனை இழுத்துத் துடைத்தார். தாள் இன்னும் நனைந்தது. பனியன் ஈரம். துண்டை உருவினார். துண்டும் ஈரம். போர்வை நுனியைப் பற்றினார், சில்லென்றது. தம் வெள்ளங்கியைப் பற்றினார். முழங்கையில் நீர் வழிந்தது. மூன்று நாளைக்கு முன் துவைத்த துணிகள் அவை! அலமாரியைத் திறந்து இஸ்திரி போட்ட சட்டையை எடுத்தால், ஐயோ, அதுவும் நமுத்துப் போயிருந்தது. அத்தனை துணி நிறைந்த அறையில், ஒரு குற்றத்தை மறைக்க ஓர் உலர்ந்த துணி அவருக்குக் கிடைக்கவில்லை. கண்ணாடியில் ஆவி படிந்திருந்த ஜன்னலையும், அதைச் சுற்றித் தாமே ஒட்டிய நாடாவையும், அடைத்த காற்றுத்துளையையும், கட்டிலருகே ஆவி பிடிக்கும் பாத்திரத்தையும் அவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஏணியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“காஞ்ச துணி ஒண்ணு தரட்டுமா?”

வாசலில் மனைவி நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது.

“அது வந்து... நான் சும்மா...”

“எத்தனை பேரோட தட்டைத் திருப்பி அனுப்பியிருக்கீங்க. அதுல ஒருத்தராவது சாம்பிளைத் துடைச்சிருப்பாங்களா?” கேட்டுவிட்டு இருமினார், இருமி முடிக்க வெகுநேரம் பிடித்தது, முடித்துவிட்டுக் கதவைப் பிடித்துக்கொண்டார். “நீங்க யாரை வேணா ஜெயிச்சுக்குங்க. எனக்கு என் மைக் வேணும். அவ்வளவுதான்.”

பழங்கதைகளின் வீரர்கள் கடலைத் தாண்டியிருக்கலாம், மலையைப் பெயர்த்திருக்கலாம். கீழ்வீட்டிலிருந்து மேல்வீட்டுக்குப் பதினெட்டுப் படி ஏறிப் போய், தம் தப்பைத் தம் வாயால் சொன்னவர் அவர்களில் எத்தனை பேர்? ஏறினார் நமுத்தார்! முதற்படியில் மானம் காலைப் பிடித்தது. ஆறாம் படியில் அகந்தை சட்டையைப் பிடித்தது. பத்தாம் படியில், அப்படியே திரும்பிப் போய்த் தலைவலி என்று படுத்துவிடலாமே என்னும் நல்ல யோசனை தோளில் கைபோட்டது. பன்னிரண்டாம் படியில் கீழேயிருந்து இருமல் கேட்டது. மீதி ஆறையும் இரண்டிரண்டாய்த் தாண்டி அழைப்புமணியை அழுத்தினார்.

நர்ஸம்மா கதவைத் திறந்தார். அவருக்குப் பின்னால் உடைந்த டைல்ஸ் மூட்டைகளாய் அடுக்கியிருந்தன.

“நர்ஸம்மா! அடியேன்... அதாவது நான்... கடந்த இரண்டாண்டுகளாக...” என்று தொடங்கிய பேருரை பாதியிலேயே நின்றது. “தண்ணி எங்களுதுதான். உங்களுது இல்ல.”

நர்ஸம்மா அந்த மூட்டைகளைக் கைகாட்டினார். பிறகு சொன்னார்.

“நாலு நாளா எங்க அப்பா தம்பி வீட்டுல இருக்கார் சார். அங்க பாத்ரூமுக்கு அவரால நடக்க முடியாது. தெனம் போன் பண்ணி, எப்பம்மா கூட்டிட்டுப் போவேன்னு கேக்கறார். ‘தண்ணி எங்களுது’ன்னு நீங்க சொல்றதைக் கேட்டு நான் என்ன, சிரிக்கணுமா?”

நமுத்தார் அந்த மூட்டைகளை எண்ணிப் பார்த்தார்.

“டைல்ஸை நீங்களே நின்னு போட்டுக் குடுங்க. போர்டுல எழுதறேன்னீங்க, எழுதுங்க. மத்ததெல்லாம் அப்புறம்.” சொல்லிக்கொண்டே அவர் செருப்பை மாட்டினார். “இப்ப ரூமைக் காட்டுங்க. அக்கா இருமறது நல்லாயில்ல.”

அறைக்குள் காலடி வைத்ததும் நர்ஸம்மா மூக்கைப் பொத்தினார். “கடவுளே! இது ரூமா, டப்பாவா? வார்டை இப்படி மூடி வெச்சா எங்களை அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க!”

அதன் பின் நடந்ததே போர். அதற்கு முன் நடந்தது வெறும் கூச்சல். மனைவியை மேல்வீட்டு நாற்காலியில் கொண்டுபோய் உட்காரவைத்துவிட்டு, முகமூடியும் கையுறையும் அணிந்து இருவரும் களம் புகுந்தனர். நாடா கிழிந்தது, கர்ரென்று! காற்றுத்துளை கண்விழித்தது! துருவேறிய ஜன்னல் கொக்கி சுத்தியலின் மூன்றாம் அடியில் சரணடைந்தது! ஆண்டுக்கணக்கில் சுவரோடு ஒட்டிக்கிடந்த அலமாரியை நமுத்தார் தம் முதுகால் முட்டித் தள்ளியபோது, அதன் பின்புறம் முழுக்க, கம்பளி விரித்தது போல் கரும்பூஞ்சை! அவர் மூன்று முறை பெயின்ட் அடித்துக்கொண்டிருந்த காலமெல்லாம் பகைவனின் பாசறை அவர் காலடியில், அலமாரிக்குப் பின்னால் இருந்திருக்கிறது. பிளீச்சிங் கரைசல் பொழிந்தது, தூரிகை சுழன்றது, பகைவன் கரிய கண்ணீராய் வழிந்து வாளிக்குள் விழுந்தான். அலமாரி சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி நிறுத்தப்பட்டது. ஆவிப் பாத்திரம் சமையலறை ஜன்னலோரத்துக்கு நாடுகடத்தப்பட்டது. நைலான் கயிறு அறுந்தது. வெள்ளங்கிகளும் போர்வைகளும் மொட்டைமாடியின் பெருவெளியில், நர்ஸம்மா வீட்டு விரிப்புகளுக்குப் பக்கத்திலேயே, வெட்கமின்றிக் காற்றில் ஆடின. தொங்கவிட்டவர் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பிறகு ஒரு வாரம், வெள்ளங்கி வேந்தர் வேலை முடிந்து வந்ததும் சிமென்ட் சட்டி சுமந்து படியேறினார். கொத்தனார் அவரை “சார், தண்ணி” என்றும் “சார், கரண்டி” என்றும் ஏவினார். நீல டைல்ஸ் கிடைக்காமல் பச்சையில் தரை அமைந்தது. நர்ஸம்மாவுக்கு அந்தப் பச்சை கடைசிவரை பிடிக்கவில்லை. அவருடைய அப்பா திரும்பி வந்த நாளில், சக்கர நாற்காலியின் முன்சக்கரத்தைப் பற்றித் தூக்கிய நால்வரில் நமுத்தாரும் ஒருவர். நோட்டீஸ் போர்டிலே, “ஊழின் விளையாட்டாலும் இயற்கையின் மயக்கத்தாலும் நேர்ந்ததோர் சிறு கருத்துப்பிழை” என்று தொடங்கி அரைப்பக்கம் எழுதி ஒட்டியிருந்தார். அதைப் படித்த மனைவி பேனா வாங்கி, இரண்டு சொல்லைத் தவிர மற்றதையெல்லாம் அடித்துவிட்டார். “தப்பு என்னுடையது” என்பது மட்டும் ஒரு மாதம் அங்கே தொங்கியது.

ஆயிற்று, நாற்பதாம் நாள்! முழங்குக முரசுகளே! ஊதுக சங்குகளே! இதோ, காலை வெயிலில், பேருந்து நிலையத்தின் மூன்றாம் தூணருகே, அரைநாள் விடுப்பெடுத்து, உலர்ந்த வெள்ளங்கியோடு நிற்கிறார் நம் நமுத்தார். அண்ணாந்து நோக்குகிறார், கூரையையன்று, ஒலிபெருக்கியை. நிலைய மேலாளர் கண்ணாடி அறையில் கைகட்டி நிற்கிறார். புதுப்பெண் நாற்காலியிலிருந்து எழுந்து வழிவிடுகிறார். மனைவி அமர்கிறார், மைக்கைத் தம் பக்கம் திருப்புகிறார், பொத்தானை அழுத்துகிறார். பதினெட்டுக் குழாய்களும் ஒருசேரக் கரகரக்கின்றன. நமுத்தார் தூணை இறுகப் பற்றுகிறார், இருபத்திரண்டு ஆண்டு யார் யாருக்கோ தீர்ப்புச் சொன்ன அந்த வாய் ஒரு சொல்லும் வராமல் திறந்தபடி நிற்கிறது. இதோ, திசையெட்டும் கேட்க, எங்கும் தடுக்காமல், எங்கும் உடையாமல், கண்ணாடிபோல் தெளிந்த அந்தக் குரல் எழுந்து முழங்குகிறது:

“நாற்பத்தேழாம் நம்பர் பஸ் பத்து நிமிஷம் லேட்டாக வரும்.”